ஆபீஸ் போன் லைன்: கேட்வே, பிஆர்ஐ, ஃபேக்ஸ் – கேள்வி பதில்

கேள்வி: புதிதாக ஐபி போன் சர்வர் போடுகிறோம். பழைய 4 லேண்ட்லைன்களும் வேண்டும். கேட்வேயில் (லேண்ட்லைனை ஐபி சர்வரோடு இணைக்கும் பெட்டி) எஃப்எக்ஸ்ஓ, எஃப்எக்ஸ்எஸ் என்று இரண்டு வகை இருக்கிறதே, எதை வாங்குவது?

எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைன் 48 வோல்ட்டையும் ரிங்கையும் தானே கொண்டுவருகிறது. அதைச் செருக எஃப்எக்ஸ்ஓ. சாதாரண போனுக்கும் ஃபேக்ஸுக்கும் இவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும், அதற்கு எஃப்எக்ஸ்எஸ். உங்களுக்கு 4 எஃப்எக்ஸ்ஓ போதும். லேண்ட்லைனை மறந்தும் எஃப்எக்ஸ்எஸ்ஸில் செருகாதீர்கள், போர்ட் போய்விடும்.

கேள்வி: சார், வெளியிலிருந்து பேசியவர் வைத்துவிட்ட பிறகும் எங்கள் லைன் பிஸியாகவே நிற்கிறது. கேட்வேயை ஆஃப் செய்து போட்டால்தான் சரியாகிறது. கெட்ட பெட்டியா?

பெட்டியை மாற்ற வேண்டாம். சாதாரண லைனில் எதிராளி போனை வைத்தது கேட்வேக்குத் தானாகத் தெரியாது. எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் பிஸி டோனைக் கேட்டுத்தான் அது லைனை விடும். இந்திய பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ்; முக்கால் வினாடி ஒலி, முக்கால் வினாடி மௌனம். பல கேட்வேக்கள் அமெரிக்க செட்டிங்கோடு வருகின்றன. அங்கே 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து அரை வினாடி ஒலி, அரை வினாடி மௌனம். அந்த டோனுக்காகக் காத்திருக்கும் பெட்டி நம் டோனைக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கும்.

டோன் செட்டிங்கில் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். இல்லையென்றால் 400 (ஹெர்ட்ஸ்), 750, 750 (ஒலியும் மௌனமும், மில்லிவினாடியில்) என்று கையால் போடுங்கள். எத்தனை முறை டோன் கேட்டால் துண்டிக்கலாம் என்ற எண்ணை 3 அல்லது 4 ஆக வையுங்கள். ரொம்பக் குறைத்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டாகும். அப்புறம், பேச்சு முடிந்ததும் லைனின் பிளஸ் மைனஸைத் திருப்பிக் காட்டும் வசதி உங்கள் லைனில் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். டோனைவிட அது நம்பகமானது. எஸ்டிடி பூத் பில் மெஷின்கள் பல அதை வைத்துத்தான் நேரம் கணக்கிட்டன.

கேள்வி: பிஆர்ஐ லைனில் (பல அழைப்புகள் ஒன்றாகப் போகும் டிஜிட்டல் லைன்) பேச்சு சுத்தமாக இருக்கிறது. ஃபேக்ஸ் மட்டும் பாதியில் அறுந்துபோகிறது.

முதலில் கிளாக்கை, அதாவது பிட்கள் ஓடும் வேகத்தை ஒழுங்குபடுத்தும் துடிப்பைப் பாருங்கள். பிஆர்ஐ நொடிக்கு 20,48,000 பிட் ஓடும் பாதை: 32 துண்டுகள், அதில் 30 பேச்சுக்கு. இபிஏபிஎக்ஸ் (ஆபீஸுக்குள் இருக்கும் போன் எக்ஸ்சேஞ்ச்) டெலிகாம் கம்பெனி லைனின் கிளாக்கைப் பின்பற்றாமல் தன் சொந்தக் கிளாக்கில் ஓடினால், அவ்வப்போது ஒரு ஃபிரேம் (32 துண்டுகளும் சேர்ந்த ஒரு சுற்று) நழுவும்; இதைத்தான் ஸ்லிப் என்பார்கள். காதுக்கு அது சின்ன ‘டிக்’, கவனிக்கக்கூட மாட்டோம். ஃபேக்ஸ் மோடம் தடுமாறிவிடும். ஸ்லிப் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் கிளாக்கை லைனிலிருந்து எடுக்கும்படி மாற்றுங்கள்.

கேள்வி: ஒரே நேரத்தில் 10 பேர் எஸ்ஐபி (இன்டர்நெட் வழியாகப் போன் பேசும் முறை) வழியாகப் பேச எவ்வளவு நெட் வேண்டும்?

ஜி.711 கோடெக் (குரலை டிஜிட்டலாக்கும் முறை) என்றால் ஒரு அழைப்புக்குச் சுமார் 87 கேபிபிஎஸ், ஆக 10 பேருக்கு 870. குரலை அதிகம் சுருக்கும் ஜி.729-இல் ஒருவருக்கு 31தான், ஆனால் அதில் ஃபேக்ஸ் போகாது. இந்த அளவு அப்லோடுக்கும் டவுன்லோடுக்கும் தனித்தனியாக வேண்டும். பெரும்பாலும் அப்லோடில்தான் இடிக்கும்.

கேள்வி: நான் பேசுவது அவருக்குக் கேட்கிறது, அவர் பேசுவது எனக்குக் கேட்கவில்லை.

ரவுட்டரில் எஸ்ஐபி ஏஎல்ஜி (எஸ்ஐபி செய்திகளை ரவுட்டரே திருத்தி அனுப்பும் வசதி) என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டுப் பேசிப் பாருங்கள்.