கார நூடுல்ஸில் முட்டை சேர்த்தால் சத்தான சாப்பாடு ஆகிவிடுமா?

கேள்வி: என் வயது 26. கோவையில் ஐ.டி. வேலை, தோழிகளோடு வாடகை வீட்டில் இருக்கிறேன். வீடு திரும்ப இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். வாரத்தில் நான்கு நாள் இரவுச் சாப்பாடு கொரியன் கார நூடுல்ஸ்தான். வெறுமனே சாப்பிடுவதில்லை, முட்டை, சீஸ் ஸ்லைஸ், சில நாள் சாசேஜ் எல்லாம் சேர்த்துத்தான் செய்கிறேன். ஆனாலும் சில மாதங்களாக மேல்வயிறு எரிகிறது. நடுராத்திரியில் தாகம் எடுக்கிறது. காலையில் முகம் லேசாக உப்பியிருக்கிறது. எரிச்சலுக்கு மெடிக்கலில் பான்டோபிரசோல் வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். நூடுல்ஸை விடாமல் அதையே நல்ல சாப்பாடாக மாற்ற முடியுமா? லீவுக்கு வரும் தம்பியும் (பதினொன்றாம் வகுப்பு) இதையே கேட்கிறான். கொடுக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: மாற்ற முடியும். நூடுல்ஸை அடியோடு விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பத்து மணிக்குக் களைத்து வந்து நிற்பவரிடம் "சாதம் வடித்துக் கூட்டு வையுங்கள்" என்றால் ஒரு வாரம்கூடத் தாங்காது. ஆனால் நீங்கள் எதையெல்லாம் சேர்க்கலாம் என்றே யோசித்திருக்கிறீர்கள். பாக்கெட்டில் இருக்கிற உப்பு, முட்டை போட்டதால் குறைந்துவிடாது. சீஸும் சாசேஜும் போட்டால் இன்னும் ஏறும். அதனால் முதலில் எதைக் குறைப்பது என்று பார்த்துவிட்டு, அப்புறம் சேர்ப்பதற்கு வருவோம்.

இன்று வீட்டுக்குப் போனதும் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். சோடியம் என்று ஒரு வரி இருக்கும். அது 100 கிராமுக்கா, முழுப் பாக்கெட்டுக்கா என்பதையும் கவனியுங்கள். பல பாக்கெட்டுகள் 100 கிராமைத் தாண்டி 120, 140 கிராம் இருக்கும். கொரியன் வகைகளில் ஒரு பாக்கெட்டுக்குப் பொதுவாக 1,200 முதல் 1,800 மில்லிகிராம் வரை சோடியம் இருக்கிறது. அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வந்துவிடும். 1,700 மில்லிகிராம் சோடியம் என்றால் நாலே கால் கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்குமே 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மதியம் கேன்டீன் சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் உள்ளே போன பிறகு, இரவில் இது வேறு. நடுராத்திரித் தாகத்துக்கும் காலையில் முகம் உப்புவதற்கும் இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். உப்பு அதிகமானால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

உப்பில் பெரும்பங்கு மசாலா அல்லது சாஸ் பாக்கெட்டில் இருக்கிறது. நூடுல்ஸ் கட்டியிலும் கொஞ்சம் உண்டு. சூப் வகை என்றால் மசாலாவைக் குறைத்துப் போட்டு, கிண்ணத்தின் அடியில் நிற்கும் சூப்பைக் குடிக்காமல் விடலாம். சாஸ் வகை என்றால் மிச்சம் விட எதுவும் இல்லை, எல்லாமே நூடுல்ஸில் ஒட்டி உள்ளே போய்விடுகிறது. அதில் சாஸையே குறைத்தால்தான் உண்டு. மூன்றில் ஒரு பங்கு போட்டுப் பாருங்கள். முதல் இரண்டு நாள் சப்பென்று தெரியும். நாக்கு உப்புக்குப் பழகுகிற மாதிரியே, உப்புக் குறைவுக்கும் சில வாரங்களில் பழகிவிடும்.

அடுத்தது எண்ணெய். உடனடி நூடுல்ஸை 1958-ல் ஜப்பானில் மொமொஃபுகு ஆண்டோ முதன்முதலாகச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மாவை நூலாக்கி, ஆவியில் வேகவைத்து, எண்ணெயில் பொரித்து ஈரத்தை எடுப்பது அவர் கையாண்ட முறை. இன்றும் பெரும்பாலான வகைகள் அப்படித்தான் தயாராகின்றன, பொரிப்பது பெரும்பாலும் பாமாயிலில். ஏற்கெனவே வெந்துவிட்டதால்தான் மூன்று நான்கு நிமிடத்தில் தயாராகிறது. மேலே மெழுகு பூசியிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி பொய். வேகவைத்த தண்ணீரில் மிதப்பது பொரித்த எண்ணெய். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டினால் கொஞ்சம் எண்ணெயும் கட்டியிலுள்ள உப்பில் ஒரு பகுதியும் போய்விடும்.

இத்தனைக்கும் ஒரு பெரிய பாக்கெட்டில் 500 கலோரிக்கு மேல் இருக்கிறது, புரதமோ 10 கிராம் அளவில்தான். நார்ச்சத்து சொற்பம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைப்படி உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது சுமார் 46 கிராம். பதினைந்து இருபது கிராமாவது இரவுச் சாப்பாட்டில் வந்துவிட்டால் நல்லது.

சரி, இப்போது சமையலுக்கு வருவோம். பதினைந்து நிமிடத்தில் முடிகிற வேலைதான்.

நூடுல்ஸ் கட்டியை இரண்டாக உடைத்து, பாதியை டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். மீதிப் பாதியைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு, கொஞ்சம் விறைப்பாக இருக்கும்போதே வடித்துவிடுங்கள். அதே பாத்திரத்தில் ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றி, தட்டிய பூண்டு நான்கு பல், நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி போட்டு வதக்குங்கள். பிறகு இரண்டு பழுத்த நாட்டுத் தக்காளி. இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம். தக்காளி கரைந்து, ஓரத்தில் எண்ணெய் பிரிகிற வரை வதங்கட்டும். பாக்கெட்டில் அஜினோமோட்டோவால் வருகிற அந்த நாக்கில் நிற்கும் சுவைக்குக் காரணம் குளுட்டமேட். அது தக்காளியிலேயே இயற்கையாக இருக்கிறது. வதங்க வதங்கச் சுவை செறிந்து, சாஸைக் குறைத்த குறை தெரியாமல் போகும். காளான் கிடைத்தால் நான்கைந்து நறுக்கிப் போடுங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்து காய். முட்டைகோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய் என்று ஃபிரிட்ஜில் எது இருக்கிறதோ அது, மெல்லிசாக நறுக்கி இரண்டு கைப்பிடி. நூடுல்ஸும் காயும் தட்டில் சரிக்குச் சரி தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா நறுக்கி வைத்துக்கொண்டால் பாதி வாரம் ஓடிவிடும். ஆய்ந்த முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி போட்டுப் பாருங்கள். நூடுல்ஸில் முருங்கைக்கீரையா என்று தோன்றும். காரச் சாஸோடு அது நன்றாகவே சேரும்.

காய் அரை வேக்காடு வந்ததும் ஓரமாக ஒதுக்கி, இரண்டு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறுங்கள். முட்டைக்கு ஆறு கிராம் வீதம் புரதம் வந்துவிடும். முட்டை வேண்டாத நாளில் முந்தைய நாள் மீந்த கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கப், அல்லது வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்த மீல்மேக்கர், அல்லது பனீர் துண்டுகள். வடித்த நூடுல்ஸை இதில் போட்டுப் புரட்டி, அடுப்பை அணைத்த பிறகு கடைசியாகச் சாஸ் ஊற்றுங்கள். மசாலா வகை என்றால் கடைசியில் மேலாகத் தூவுங்கள். தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவிட்ட மசாலாவைவிட, மேலே ஒட்டியிருக்கிற மசாலா நாக்கில் சட்டென்று உறைக்கும். குறைவாகப் போட்டாலும் தெரியும். இறக்கிய பின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். புளிப்பு இருந்தால் உப்புப் போதாத குறை தெரியாது. தனியாக உப்புப் போடவே கூடாது.

இப்படிச் செய்த தட்டிலும் ஏறக்குறைய அதே கலோரிதான் வரும். ஆனால் புரதம் 20 கிராம் அளவுக்கு ஏறிவிடும், பாக்கெட்டின் சோடியத்தில் பாதிக்குக் குறைவுதான் உள்ளே போகும்.

நீங்கள் சேர்க்கிற சீஸ் ஸ்லைஸ் ஒன்றிலேயே 200 முதல் 300 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. சாசேஜும் உப்பு ஏற்றிய பதப்படுத்திய இறைச்சிதான். சோயா சாஸ் சொல்லவே வேண்டாம். கொரியாவில் கிம்சி என்கிற காய்கறி ஊறுகாயும் சேர்த்துக்கொள்வார்கள், அதுவும் உப்பில் ஊறியதே. காரத்தைத் தணிக்கத்தான் சீஸ் போடுகிறீர்கள் என்றால் அதற்குப் பதில் அரை டம்ளர் பால் ஊற்றி ஒரு கொதி விடுங்கள். மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலில் இருக்கும் கேசீன் என்ற புரதமும் அதைப் பிடித்து நாக்கிலிருந்து அகற்றும். கார நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் எரிச்சல் அடங்காததும் இதனால்தான். தயிர் சேர்ப்பதானால் அடுப்பை அணைத்துவிட்டுச் சேருங்கள், இல்லாவிட்டால் திரிந்துவிடும்.

அஜினோமோட்டோவைப் பற்றிப் பலர் கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சமையலில் வழக்கமாகப் போடும் அளவில் அது விஷம் இல்லை. பாக்கெட்டைப் பொறுத்தவரை என் கவலையெல்லாம் உப்பின் மேல்தான்.

இனி வயிற்றெரிச்சல். காரம் சாப்பிட்டால் அல்சர் வந்துவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பெரும்பாலான அல்சர்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி, அல்லது வலி மாத்திரைகள். இந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக 2005-ல் பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் காரம் அல்சரை உண்டாக்குவதில்லை என்பதால் அது எரிச்சல் தராது என்றாகிவிடாது. வெப்பத்தை உணரும் அதே நரம்பு முனைகளைத்தான் கேப்சைசின் தூண்டுகிறது. அவை வாயிலிருந்து ஆசனவாய் வரைக்கும் இருக்கின்றன. மறுநாள் காலைக்கடனின்போது எரிவது அதனால்தான். அசிடிட்டி, எதுக்களிப்பு, அடிக்கடி வயிற்றைக் கலக்கும் தொந்தரவு உள்ளவர்களுக்குக் காரம் அதை இன்னும் கிளப்பிவிடும்.

உங்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். மாதவிடாய் வலிக்கோ தலைவலிக்கோ வெறும் வயிற்றில் மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் போடுகிறீர்களா? பகலில் சரியாகச் சாப்பிடாமல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, இரவு பத்து மணிக்கு மேல் கார நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற இளம்பெண்களிடம் இந்த எரிச்சலை நான் அடிக்கடி பார்க்கிறேன். போடுவதாக இருந்தால் உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிட்ட பிறகு படுக்கைக்கு இரண்டு, மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். உங்கள் வேலை நேரத்தில் அது கஷ்டம். ஆறு, ஏழு மணிக்கே ஆபீசில் ஒரு வாழைப்பழம், கொஞ்சம் வேர்க்கடலை சாப்பிட்டு வைத்தால், இரவு குறைவாகச் சாப்பிட்டாலே போதும் என்று ஆகிவிடும். அகோரப் பசியோடு கதவைத் திறக்கிற நாளில் பாதிக் கட்டியோடு யாரும் நிறுத்த மாட்டார்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு தரம் சாப்பிடலாம்? தென்கொரியாவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. வாரத்துக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ உடனடி நூடுல்ஸ் சாப்பிட்ட பெண்களிடம், இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் சேர்ந்து கெடுகிற மெட்டபாலிக் சிண்ட்ரோம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆண்களிடம் அந்தத் தொடர்பு தெரியவில்லை. நூடுல்ஸ்தான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் நான்கு நாளை இரண்டு நாளாக்குங்கள், அதுவும் மேலே சொன்ன முறையில். மற்ற இரண்டு இரவுக்குக் கடையில் வாங்கும் இட்லி மாவே போதும். அதே தக்காளி, காய், முட்டையைப் போட்டு ஒரு ஊத்தப்பம் ஊற்ற நூடுல்ஸுக்கு ஆகிற நேரம்கூட ஆகாது. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த இரண்டு நாள் கணக்கு பொருந்தாது. அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பிடக் கூடாது.

தம்பிக்கு, இதே முறையில் செய்து, காரம் குறைத்து எப்போதாவது கொடுக்கலாம். இரட்டைக் காரம், மூன்று மடங்கு காரம் என்று வருகிற வகைகளையும், யார் முதலில் தட்டைக் காலி செய்வது என்கிற போட்டியையும் அனுமதிக்காதீர்கள். கேப்சைசின் அளவுக்கு மீறியிருப்பதாகச் சொல்லி 2024 ஜூனில் டென்மார்க் அரசு கொரியாவின் புல்டாக் நூடுல்ஸில் மூன்று வகைகளைத் திரும்பப் பெறச் சொன்னது. அடுத்த மாதம் அவற்றில் இரண்டை மறுபடி விற்க அனுமதித்தார்கள் என்றாலும், குழந்தைகளுக்கு எச்சரிக்கை தேவை என்பதில் மாற்றமில்லை. தம்பிக்கு ஆஸ்துமா இருந்தால் சாஸ் சூடாகும்போது கிளம்புகிற நெடியே இருமலைக் கிளப்பிவிடும்.

கடைசியாக மாத்திரை. பான்டோபிரசோல் நல்ல மருந்துதான், ஆனால் காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் நீங்களாகவே போட்டுக்கொள்ள வேண்டியது அல்ல. நீண்ட நாள் போட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் சில நாள் அமிலம் கூடுதலாகச் சுரந்து எரியும். அதைப் பார்த்து நோய் முற்றிவிட்டது என்று பயந்து மறுபடி ஆரம்பிப்பவர்கள் உண்டு. இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்று சொல்லி, எப்படி நிறுத்துவது என்று கேளுங்கள். ஹெலிகோபாக்டர் பரிசோதனை தேவையா என்று அவர் முடிவு செய்வார். முகம் உப்புவதற்காக ரத்த அழுத்தம், சிறுநீர்ப் பரிசோதனை, கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். மலம் தார்போலக் கறுத்துப் போவது, ரத்த வாந்தி, விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுவலி, இவற்றில் எது இருந்தாலும் நாள் தள்ளக் கூடாது. ரத்த வாந்தியோ கறுத்த மலமோ என்றால் அன்றைக்கே, எந்த நேரமானாலும், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.