கட்டிலுக்கு அடியில் ஒரு சூட்கேஸ்

கேள்வி: எட்டு மாதங்களுக்கு முன்பு என் அக்காவும் மாமாவும் ஒரு சாலை விபத்தில் இறந்துவிட்டார்கள். அவர்களுடைய மகளும் (12 வயது) மகனும் (6 வயது) இப்போதைக்கு எங்கள் வீட்டில்தான் இருக்கிறார்கள். எனக்கும் இரண்டு பையன்கள். சாப்பாடு, படிப்பு, துணிமணி எதிலும் நான் வித்தியாசம் பார்ப்பதில்லை. பிரச்சினை பெரியவளிடம்தான். பள்ளிச் சிநேகிதி கொடுத்தாள் என்று, லெமனி ஸ்னிக்கெட் எழுதிய ஆங்கிலக் கதைப் புத்தகங்களை வரிசையாகப் படிக்கிறாள். அம்மா அப்பாவை இழந்த மூன்று பிள்ளைகள், அவர்களைக் கொடுமைப்படுத்தும் ஒரு சொந்தக்காரன் என்று பக்கத்துக்குப் பக்கம் துக்கம். நடுநடுவே கதை சொல்கிறவர் சொற்களுக்கு வேடிக்கையாக அர்த்தம் சொல்வாராம். இவளும் அதே பாணியில் எங்கள் வீட்டுப் பேச்சுக்கு அர்த்தம் எழுத ஆரம்பித்திருக்கிறாள். போன வாரம் சின்னவனின் சாக்ஸைத் தேடி, கட்டிலுக்கு அடியில் இருக்கும் அவர்கள் சூட்கேஸைத் திறந்தபோது அந்த நோட்டு கிடைத்தது. 'அட்ஜஸ்ட்: இந்த வீட்டில் இதற்கு, நீ மட்டும் விட்டுக்கொடு என்று பொருள்.' 'விசேஷம்: வருகிறவர்கள் எல்லோரும் என் தம்பியின் தலையைத் தடவி உச்சுக்கொட்டும் நாள்.' 'உங்க வீடு மாதிரி: இங்கே மாதிரி என்றால், இல்லை என்பதை மரியாதையாகச் சொல்வது.' படித்துவிட்டு இரவெல்லாம் அழுதேன். புத்தகத்தைப் பிடுங்கிப் போடு, துபாயில் இருக்கும் அவர்கள் சித்தப்பா லீவில் வரும்போது பேசி ஒரு முடிவு எடுக்கலாம் என்கிறார் என் மாமியார். என் கணவர் எதிலும் தலையிடமாட்டார். அவள் மனதில் நான்தான் அந்த வில்லியா? இப்போது எட்டாவது புத்தகம் வேண்டுமாம். வாங்கித் தருவதா, நிறுத்துவதா?

— பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: சாக்ஸ் ஏன் சூட்கேஸில் இருந்தது?

உங்கள் கேள்விக்கு அப்புறம் வருகிறேன். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். எட்டு மாதமாக உங்கள் வீட்டில் வளரும் இரண்டு பிள்ளைகளின் துணி பீரோவில் இல்லை, அலமாரியில் இல்லை, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தினமும் காலையில் அந்தப் பெண் குனிந்து சூட்கேஸை வெளியே இழுக்கிறாள், தம்பிக்கு பனியனும் சாக்ஸும் எடுத்துக் கொடுக்கிறாள், மறுபடி மூடி உள்ளே தள்ளுகிறாள். அதே நேரத்தில் உங்கள் பையன்கள் பீரோவைத் திறக்கிறார்கள். எதிலும் வித்தியாசம் பார்ப்பதில்லை என்று எழுதிய அதே கடிதத்தில் இதையும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கே அது உறைக்கவில்லை.

நோட்டைப் படித்து இரவெல்லாம் அழுதீர்கள், சரி. ஆனால் சூட்கேஸை மூடி அதே இடத்தில்தானே தள்ளி வைத்தீர்கள்?

அக்கா பிள்ளைகள், அண்ணன் பிள்ளைகள் என்று வளர்ப்பவர்களிடமிருந்து எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. எல்லாவற்றிலும் குற்றவாளி மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்: செல்போன், டிவி, பள்ளிக்கூடத்துச் சேர்க்கை. உங்களுக்கு ஒரு புத்தகம் கிடைத்திருக்கிறது. அதைப் பிடுங்கிப் போடுவதற்கு முன்னால் முதல் பாகத்தையாவது நீங்கள் படித்திருக்க வேண்டும்.

அதை எழுதியவர் டேனியல் ஹேண்ட்லர் என்ற அமெரிக்கர். லெமனி ஸ்னிக்கெட் என்பது அவருடைய புனைபெயர், கதையைச் சொல்லும் பாத்திரத்தின் பெயரும் அதுதான். 1999இல் தொடங்கி 2006 வரை 13 பாகங்கள் வந்தன. வயலட்டுக்கு 14 வயது, கிளாவ்ஸுக்கு உங்கள் அக்கா மகளின் வயது, சன்னி கைக்குழந்தை. மூன்று பேரும் கடற்கரையில் இருக்கும்போது மிஸ்டர் போ என்ற வங்கிக்காரர் வந்து, வீடு தீப்பிடித்து அம்மாவும் அப்பாவும் மாண்டுபோனார்கள் என்று சொல்கிறார். சொன்ன கையோடு, மாண்டுபோவது என்றால் என்ன என்று விளக்கமும் கொடுக்கிறார். எங்களுக்கு அந்தச் சொல்லின் பொருள் தெரியும் என்று கிளாவ்ஸ் எரிந்து விழுகிறான். பெரியவர்கள் தங்களுக்குச் சொல்ல வேறொன்றும் இல்லாதபோது பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பார்கள். அம்மாவைப் பறிகொடுத்த எந்தப் பிள்ளையும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, நம்மைப் புரிந்த ஒருவர் எழுதியிருக்கிறார் என்றுதான் நினைக்கும்.

அதற்கு அடுத்து, அவர்களைக் கொடுமைப்படுத்தும் அந்தச் சொந்தக்காரன் ஓலாஃப் பிரபுவின் வீடு வருகிறது. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே அறை, ஒரே கட்டில். துணி வைக்க அலமாரி கிடையாது. ஃப்ரிட்ஜ் வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றுதான் இருக்கிறது, துணியெல்லாம் அதற்குள் குவியலாகக் கிடக்க வேண்டியதுதான். உங்கள் அக்கா மகள் அந்தப் பக்கத்தையும் படித்திருக்கிறாள். படித்து முடித்த மறுநாள் காலையிலும் குனிந்து சூட்கேஸை இழுத்திருக்கிறாள்.

இனி அந்த அர்த்தங்கள். கதை சொல்கிறவர் ஒரு சொல்லை எழுதுவார், உடனே நிறுத்தி, 'இங்கே இதற்குப் பொருள் இது' என்பார். அகராதி சொல்லும் பொருளை அவர் மறுப்பதில்லை. இந்த இடத்தில், இந்த மனிதர் வாயில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றுதான் சொல்கிறார். 'சுறுசுறுப்பாக' என்று ஒரு சொல் வரும். பிள்ளைகளை வீட்டைவிட்டுக் கிளப்புவதற்காக வேகவேகமாக என்பது அந்த இடத்தில் அதற்குப் பொருள். குழந்தைகள் அங்கே சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே, பெரியவர்களின் நல்ல சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பழகுவார்கள்.

முதல் பாகத்திலேயே ஓலாஃப் கிளாவ்ஸை அறைந்துவிடுகிறான். பிள்ளைகள் வங்கிக்குப் போய் மிஸ்டர் போவிடம் முறையிடுகிறார்கள். அவரோ 'பெற்றோர் ஸ்தானத்தில் இருப்பவர்' என்பதற்கான லத்தீன் சட்டச் சொல்லை எடுத்து விளக்குகிறார். வளர்க்கிறவர் தமக்குச் சரியென்று பட்டபடி வளர்க்கலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார். சொல்லின் பொருள் அவருக்குச் சரியாகத்தான் தெரியும். பையன் கன்னத்தில் விழுந்த அடியைத்தான் அவர் பார்க்கவில்லை.

பிள்ளைகளைக் காப்பாற்றுவதும் கவனமாகப் படிக்கும் பழக்கம்தான். சொத்துக்காக ஓலாஃப் ஒரு நாடகத்தை நடத்தி, மேடையிலேயே வயலட்டுக்குச் சட்டப்படி தாலி கட்டப் பார்க்கிறான். மணமகள் 'தன் கையால்' கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். வலதுகைப் பழக்கமுள்ள வயலட் இடதுகையால் போடுகிறாள், கல்யாணம் செல்லாமல் போகிறது. மூன்றாவது பாகத்தில் ஜோஸஃபின் அத்தை விட்டுப்போன கடிதத்தில் எழுத்துப்பிழைகளாகப் பொறுக்கி, அவள் ஒளிந்திருக்கும் குகையின் பெயரைக் கண்டுபிடிக்கிறான் கிளாவ்ஸ். பணமும் பலமும் இல்லாத பிள்ளைகளிடம் இருப்பது இது ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பெண் அதைக் கையில் எடுத்திருக்கிறாள். அதைப் பிடுங்கச் சொல்கிறார் உங்கள் மாமியார்.

நோட்டில் நீங்கள் எடுத்துக் காட்டிய மூன்றையும் திரும்பப் படியுங்கள். ஒன்றிலாவது உங்கள் பேர் இருக்கிறதா? உங்களைத் திட்டியிருக்கிறாளா? ஒன்றில் அவள் கவலைப்படுவது தன்னைப் பற்றிக்கூட இல்லை, ஆறு வயதுத் தம்பியைப் பற்றி. தம்பி தங்கையை எப்போதும் பார்த்துக்கொள்வேன் என்று வயலட்டும் அம்மா அப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருப்பாள். அந்தப் பொறுப்பை ஒரு பன்னிரண்டு வயதுப் பெண் உங்கள் வீட்டில் தனியாகச் சுமக்கிறாள். 'மாதிரி' என்பதற்கு அவள் எழுதிய அர்த்தமும் சரியானதுதான். பெற்ற பிள்ளைகளிடம் யாராவது, உங்க வீடு மாதிரி நினைச்சுக்கோ என்று சொல்வார்களா?

நான்தான் வில்லியா என்று கேட்கிறீர்கள். இல்லை. ஓலாஃபைப் பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துகொள்கிறார்கள், அவனைப் பற்றி அவர்களுக்குக் குழப்பமே கிடையாது. அந்தக் கதையில் அவர்களைக் கைவிடுகிறவர்களில் பாதிப் பேர் நல்லவர்கள். மிஸ்டர் போ அக்கறையுள்ளவர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். ஆறாவது பாகத்தில் ஜெரோம் என்று ஒருவர் வருகிறார். பிள்ளைகள்மேல் நிஜமாகவே பாசம் வைத்தவர். ஆனால் யாரோடும் வாக்குவாதம் பிடிக்காது. மனைவி என்ன சொன்னாலும் சரி என்பார், கடைசியில் பிள்ளைகளுக்கு அவரால் ஒரு பிரயோஜனமும் இல்லை. 'எதிலும் தலையிடமாட்டார்' என்று உங்கள் கணவரைப் பற்றி ஏதோ நல்ல குணம்போல எழுதியிருக்கிறீர்கள். இந்த விஷயத்தில் அது நல்ல குணம் இல்லை. வீட்டில் அவர் வாயைத் திறந்து, இவர்கள் என் பிள்ளைகள் என்று தன் அம்மாவிடம் ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்த நோட்டில் பாதிப் பக்கம் காலியாக இருந்திருக்கும்.

சித்தப்பா லீவில் வரும்போது பேசலாம் என்று மாமியார் சொன்னது பிள்ளைகள் காதில் விழுந்திருக்காது என்று நம்பாதீர்கள். முதல் ஏழு பாகமும் இதே கதைதான்: ஒரு வீடு, அடுத்த வீடு, மாமா, அத்தை, மர ஆலை முதலாளி, விடுதி, பணக்காரத் தம்பதி. ஏழாவதில் ஒரு ஊரே சேர்ந்து அந்தப் பிள்ளைகளைத் தத்தெடுத்து, ஊர் வேலை முழுவதையும் அவர்கள் தலையில் கட்டுகிறது. எட்டாவதிலிருந்து அவர்களுக்கு வீடு என்றோ, காப்பாளர் என்றோ யாரும் இல்லை, ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் பெண் கேட்பது அந்த எட்டாவதைத்தான்.

ஆகவே முதலில் நீங்களும் உங்கள் கணவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். துபாய்க்காரருக்காகக் காத்திருக்க வேண்டாம். என்னைக் கேட்டால், இதில் முடிவு செய்ய எதுவும் இல்லை. முறைப்படி அக்கா பிள்ளைகள் உங்கள் பிள்ளைகள். பெற்றவள் போனபின் அவர்களை வளர்ப்பது நீங்கள் செய்யும் உபகாரம் கிடையாது, உங்கள் கடமை. சித்தப்பா பார்க்க வரட்டும், செலவில் பங்கு போடட்டும், லீவுக்கு அழைத்துப் போகட்டும். ஏலம் பேச வரக் கூடாது. முடியாது என்பதுதான் உங்கள் பதில் என்றால் அதையும் இந்த வாரமே நேராகச் சொல்லிவிடுங்கள். இரண்டு பிள்ளைகளை மூட்டை கட்டிய நிலையிலேயே வருஷக்கணக்காக வைத்திருப்பது, போகச் சொல்வதைவிடக் கொடுமை.

இருக்கட்டும் என்று முடிவு செய்தால், பீரோவில் இரண்டு தட்டு ஒழியுங்கள். உங்கள் பையன்களின் சட்டைகளை அவர்களே நகர்த்தி வைக்கட்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொற்பொழிவு வேண்டாம், இனிமேல் உங்க துணி இங்கே என்று சொன்னால் போதும். காலி சூட்கேஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது உங்கள் அக்கா வாங்கியதாக இருக்கும், எங்கே வைப்பது என்று அவளையே கேளுங்கள்.

நோட்டைப் படித்ததை அவளிடம் சொல்லிவிடுங்கள். சாக்ஸ் தேடப் போனீர்கள், நோட்டு கண்ணில் பட்டது, அதுவரை சரி. பக்கம் புரட்டியது தப்பு, அதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அவள் எழுதியவற்றுக்கு எதிர்வாதம் செய்யாதீர்கள். நான் அப்படி நினைத்துச் சொல்லவில்லை கண்ணு என்று ஆரம்பித்தால் அதற்கும் ஒரு அர்த்தம் எழுதுவாள், நியாயமாகவும் எழுதுவாள். வீட்டுக்கு வரும் உறவினர்களிடம், சின்னவனைப் பார்த்து உச்சுக்கொட்ட வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லுங்கள். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

எட்டாவது புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். மிச்சமிருக்கும் ஐந்தையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள், சிநேகிதியிடம் இரவல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். முதல் பாகத்தை நீங்கள் எடுத்துக்கொண்டு படியுங்கள், ஆங்கிலம் தட்டினால் அவளையே அர்த்தம் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் தொடக்கத்திலும் பீட்ரிஸ் என்ற இறந்துபோன பெண்ணுக்கு ஒரு சமர்ப்பணம் இருக்கும். அந்த பீட்ரிஸ் அந்த மூன்று பிள்ளைகளின் அம்மா என்பது கடைசிப் பாகத்தில்தான் தெரியும். இதை அவளிடம் இப்போதே சொல்லிவிடாதீர்கள். பதின்மூன்றாவது புத்தகத்தை அவள் கையில் எடுக்கும் வாரத்தில் வெளியூர் எங்கும் போகாதீர்கள். அம்மாவைப் பற்றிக் கேட்க அவளுக்குக் கேள்விகள் இருக்கும், உங்கள் அக்காவைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர் அந்த வீட்டில் நீங்கள் மட்டும்தான்.