குனிந்தால் கிழியும் ஹோஸ்

அன்புள்ள ஐயா,

பர்மிங்ஹாமில் வேலை பார்க்கிறேன். ட்யூக்ஸ்பரியில் 1471 போரை நடித்துக்காட்டும் கோடை விழாவுக்காக ஒரு குழுவில் சேர்ந்திருக்கிறேன். இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டின் படையில் சாதாரண வில்லாளி வேடம். அக்கால ஆண்கள் போட்ட, காலோடு ஒட்டிய ஹோஸை நல்ல கம்பளித் துணி வாங்கி நானே மெஷினில் தைத்தேன். விறகு எடுக்கக் குனிந்தேன், பின்பக்கம் பிரிந்துவிட்டது. முழங்காலோ தொளதொளவென்று தொங்குகிறது. துணி சரியில்லையா? முகாம் அடுப்பில் என்ன சமைக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

துணியின் மேல் பழி போடாதீர்கள். முழங்கால் தொங்குகிறதென்றால், பேன்ட்டுக்கு வெட்டுவதுபோல் பாவு நூல் (துணியின் நீளவாக்கு நூல்) காலோடு நேராக ஓடும்படி வெட்டியிருப்பீர்கள். ஹோஸைக் கிராஸில், அதாவது பாவு நூலுக்கு 45 பாகை சாய்வாக வெட்ட வேண்டும். நெய்த துணி இழுபட்டு மீள்வது அந்தத் திசையில்தான். துணி கூடுதலாகப் பிடிக்கும், 150 செ.மீ. அகலத்தில் இரண்டரை மீட்டர் எடுங்கள். வெட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் அலசிக் காயவையுங்கள். இல்லாவிட்டால் முதல் மழையிலேயே சுருங்கும்.

நேரே நல்ல துணியில் கத்திரி வைக்காதீர்கள். பழைய படுக்கை விரிப்பைக் கிராஸில் வெட்டிக் காலில் சுற்றி, தையல் பின்னங்கால் நடுவே வரும்படி யாரையாவது குண்டூசி குத்தச் சொல்லுங்கள். நின்றபடி மட்டும் அளவெடுத்தால் போச்சு. உட்கார்ந்து, குந்தி, குனிந்து பார்த்து, இழுக்கிற இடத்தில் தளர்த்திவிட்டு அடையாளமிடுங்கள்.

பின்பக்கம் பிரிந்ததற்கு மெஷின் தையலும் காரணமாக இருக்கலாம். கிராஸ் துணி நீளும், மெஷினின் நேர்த் தையல் அதோடு நீளாது, நூல் அறுந்துவிடும். தேன்மெழுகு பூசிய லினன் நூலால் கையால் பின்தையல் போடுங்கள். கவட்டில் ஒரு சின்ன ஒட்டுத்துண்டு வைத்தால் இன்னும் தாங்கும்.

பெரிய தப்பு பெரும்பாலும் இடுப்பில்தான் நடக்கிறது. இன்றைய பழக்கத்தில் ஹோஸை இடுப்பெலும்பில் நிறுத்திவிடுகிறார்கள். அது டப்லெட் என்ற இறுக்கமான மேலங்கியில் கயிறுகளால் கட்டித் தொங்கவேண்டிய உடை. டப்லெட்டின் இடுப்பு தொப்புள் மட்டத்தில் இருக்கும், ஹோஸும் அதுவரை ஏறவேண்டும். ஆகவே முதலில் டப்லெட், பிறகு ஹோஸ். கயிறு கோக்கும் துளைகளைக் கத்திரியால் வெட்டாமல் குத்தூசியால் நூல்களை விலக்கித் துளையிட்டு, சுற்றித் தையுங்கள். அறுபடாத நூல்தான் இழுப்பைத் தாங்கும். உலோக வளையம் அடிப்பதைப் போல அசட்டுத்தனம் வேறில்லை, பத்தடி தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

இவ்வளவு செய்தாலும், குனிந்து வேலை செய்யும்போது பின்பக்கக் கயிறுகளை அவிழ்த்துவிடுங்கள். 15ஆம் நூற்றாண்டுச் சுவடி ஓவியங்களில் வேலையாட்கள் அப்படித்தான், பின்னால் உள்சட்டை பிதுங்க நிற்கிறார்கள். பாலியஸ்டர் கலந்த துணி மட்டும் அடுப்பருகே வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கம்பளி கருகுவதோடு சரி.

சமையலுக்கு வருவோம். உருளைக்கிழங்கு, தக்காளி, மிளகாய் மூன்றும் அப்போது இங்கிலாந்தில் கிடையாது. உலர்ந்த பட்டாணியை முதல்நாள் இரவே ஊறவைத்து, வெங்காயம், லீக் (பெரிய வெங்காயத்தாள் போன்ற காய்) சேர்த்துக் குழையவிடுங்கள். மண்பானையைத் தீ நாக்கின் மேல் வைக்காமல் தணலுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சூடேற்றுங்கள். கொதிக்கும் பானையில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். போர் நடந்த 1471 மே 4 சனிக்கிழமை. வெள்ளியும் சனியும் இறைச்சி தவிர்க்கும் நாட்கள் என்பதால் பன்றிக்கறியைச் சேர்க்காமலிருப்பதே பொருத்தம்.

முந்தின நாள் எட்வர்டின் படை வெயிலில் முப்பது மைலுக்கு மேல் நடந்தது. வழியில் தீனி இல்லை; கிடைத்த ஒரே ஓடையையும் வண்டிகள் கலக்கிச் சேறாக்கிவிட்டன. கையில் கொண்டுவந்த கொஞ்சத்தைச் செல்ட்டனம் என்ற ஊரில் நின்று தின்றார்கள். ஆகவே போருக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டீர்கள் என்று பார்வையாளர் கேட்டால், பானையைக் காட்டாதீர்கள், இதைச் சொல்லுங்கள்.