சொந்தமாக கிட் சர்வர் வைத்தால் நிரல் கூட்டுப்பணி பரவலாக்கப்பட்டதாகிவிடுமா?

நிரல்களைச் சேமித்துக் கூட்டாக எழுத உதவும் கிட்ஹப் தளத்தை நம்பியிராமல், சொந்த சர்வரில் ஒரு திறமூலத் திட்டத்தைப் பரவலாக்கப்பட்ட முறையில் நடத்த எதை நிறுவலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சொந்த சர்வர் வைத்துக்கொள்வதும், எந்த ஒற்றை இடத்தையும் சாராதபடி பரவலாக்குவதும் வெவ்வேறு வேலைகள் என்பதால், உங்களுக்கு எது வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது.

நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட், லினஸ் டோர்வால்ட்ஸ் அதை 2005இல் எழுதிய நாள் முதலே பரவலாக்கப்பட்டதுதான். குளோன் செய்த (நகலெடுத்த) ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கிறது. ஓரிடத்தில் குவிந்து கிடப்பவை இஷ்யூக்கள் (பிழை, கோரிக்கைப் பதிவுகள்), புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோருதல்) விவாதங்கள், யாருக்கு என்ன அனுமதி என்ற விவரங்கள் ஆகியவையே. கிட்ஹப் போன்ற தளத்தைச் சொந்தமாக நடத்த உதவும் ஃபோர்ஜெயோ மென்பொருளை நிறுவினால் இவை அடங்கிய தரவுத்தளம் உங்கள் கைக்கு வருகிறது. ஆயினும் அது ஒரே இடத்தில்தான் இருக்கும், உங்கள் சர்வர் படுத்துவிட்டால் விவாதமும் நின்றுவிடும்.

கிட்டீ என்ற இதே வகை மென்பொருள் திட்டத்தின் பெயரும் இணைய முகவரியும் ஒரு நிறுவனத்தின் வசம் சென்றதை ஏற்காதவர்கள் 2022இல் பிரித்தெடுத்ததே ஃபோர்ஜெயோ. பெர்லினில் உள்ள கோட்பெர்க் என்ற இலாப நோக்கற்ற சங்கம் அதற்கு ஆதரவாக நிற்கிறது. சிறு குழுவுக்கு எஸ்க்யூலைட் தரவுத்தளமும் மலிவான வாடகை சர்வரும் போதும். பொதுப் பதிவை மூடி வையுங்கள், இல்லையேல் குப்பைக் கணக்குகள் குவியும். ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை வழியாக சர்வர்களை இணைக்கும் பணி நடந்துவருகிறது என்றாலும், ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்குப் புல் ரிக்வெஸ்ட் அனுப்புவது இன்னும் அன்றாட வழக்கத்துக்கு வரவில்லை.

உண்மையான பரவலாக்கமே நோக்கம் என்றால் மைய சர்வர் இல்லாமல் இயங்கும் ராடிக்கிள் என்ற கிட் கூட்டுப்பணிக் கருவியைப் பாருங்கள். என் விருப்பமும் அதுவே. அங்கே இஷ்யூக்களும் பேட்ச்களும் (முன்மொழியும் மாற்றங்களும்) கிட் பொருள்களாகத் திட்டத்தின் ரெப்போவுக்குள்ளேயே (நிரல் களஞ்சியத்துக்குள்ளேயே) சேமிக்கப்பட்டு, கையொப்பத்துடன் கணினிக்குக் கணினி நகலாகின்றன. இணைப்பில்லாத நேரத்திலும் இஷ்யூ எழுதி வைக்கலாம். இணைப்பு வந்ததும் அது மற்றவர்களைச் சென்றடையும். ஒவ்வொருவரும் தமது கிளைகளை (நிரலின் தனி வளர்ச்சிப் பாதைகளை) தமக்குரிய தனிப் பெயர்வெளியில் வைத்துக்கொள்ள, எது அதிகாரபூர்வமான முதன்மைக் கிளை என்பதைத் திட்டத்தின் அடையாள ஆவணத்தில் குறிக்கப்பட்ட பொறுப்பாளர்களின் கையொப்பங்கள் தீர்மானிக்கின்றன. ஆகவே இங்கு நீங்கள் நடத்தும் சர்வர் எசமானன் அல்ல, எப்போதும் விழித்திருந்து நகல் வழங்கும் ஒரு சீட் நோடு மட்டுமே. ராடிக்கிள் பயன்படுத்தும் 8776 என்ற போர்ட்டை (இணைப்பு வாயிலை) திறந்து, நீங்கள் தேர்ந்தெடுத்த ரெப்போக்களை மட்டும் தாங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். கண்டதையெல்லாம் ஏற்றால் வட்டு நிரம்புவதோடு, பிறர் ஏற்றியதை வழங்கும் பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

இதற்கும் விலை உண்டு. கணக்கு என்பதே உங்கள் கணினியில் உள்ள ஒரு மறைக்குறியீட்டுச் சாவிதான். அதைத் தொலைத்தால் மீட்டுத் தர எந்த அலுவலகமும் இல்லை என்பதால், சாவிக்கு வேறிடத்தில் ஒரு காப்பு நகலும், திட்டத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொறுப்பாளர்களும் இருப்பது அவசியம். வெளியிட்டுப் பிறரிடம் பரவிவிட்டதைத் திரும்பப் பெறவும் முடியாது, எனவே கடவுச்சொல் எதுவும் பழைய கமிட்களில் (பதிவுசெய்த மாற்றங்களில்) ஒளிந்திருக்கிறதா என்று முதலிலேயே தேடிப் பாருங்கள். புதிதாகப் பங்களிக்க வருபவர் ஒரு கருவியை நிறுவிப் பழக வேண்டியிருப்பதால், அதற்கு உங்கள் குழு இப்போது தயாராக இல்லையெனில் ஃபோர்ஜெயோவில் தொடங்கி, அதே ரெப்போவை ராடிக்கிளிலும் வெளியிட்டு வரலாம். ஒரே ரெப்போவுக்கு இரண்டு ரிமோட்கள் (தொலை முகவரிகள்) இருப்பதில் கிட்டுக்கு எந்தச் சிக்கலும் இல்லை.