பழைய காரைத் தானம் கொடுத்தால் வரி குறையுமா? டிசம்பர் மாதக் கேள்வி பதில்

டிசம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்க ரேடியோவில் அதே விளம்பரம்தான்: பழைய காரைக் கொடுங்கள், இலவசமாக இழுத்துக்கொண்டு போகிறோம், வரியும் மிச்சம். அதைக் கேட்டுவிட்டு இங்கே வாழும் நம்மவர்கள் அனுப்பிய கேள்விகளும், வரிக் கணக்கு போட்டுக் கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் என் பதில்களும் கீழே. தொகைகள் எல்லாம் டாலரில், 2025 வரி ஆண்டுக்கு. 2026ல் மாறுவதை அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

டல்லாஸிலிருந்து: அக்கா, எங்களிடம் 2009 கேம்ரி ஒன்று இருக்கிறது. ஓடுகிறது, ஆனால் வயசாகிவிட்டது. பழைய கார் விலைகளைச் சொல்லும் கெல்லி ப்ளூ புக்கில் 4,200 காட்டுகிறது. தானம் கொடுத்தால் 4,200ஐயும் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம்தானே?

முடியாது. உங்களுக்கு ஒன்றல்ல, இரண்டு தடை இருக்கிறது.

முதலாவது, ப்ளூ புக் விலைக்கு இங்கே மதிப்பில்லை. தொண்டு நிறுவனம் அந்த வண்டியை என்ன விலைக்கு விற்றதோ அதுதான் உங்கள் கழிவு. பெரும்பாலும் அவர்கள் ஏலத்தில் தள்ளிவிடுவார்கள். கேம்ரி அங்கே 1,400க்குப் போனால் உங்கள் கணக்கும் 1,400தான். ஒரு காலத்தில் நீங்கள் சொல்வது போலத்தான் இருந்தது. ஓடாத வண்டிக்கும் ப்ளூ புக் விலையைப் போட்டுக் கழித்தவர்கள் ஏராளம். 2003ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 54 வண்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு வண்டிகளுக்கு, கொடுத்தவர் வரியில் காட்டிய மதிப்பில் 5 சதவீதமோ அதற்கும் குறைவோதான் தொண்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த ஆண்டே சட்டம் மாறியது. 2005 ஜனவரி 1 முதல் விற்ற விலைதான் கணக்கு.

இரண்டாவது தடைதான் பெரியது. நன்கொடையைக் கழிக்க வேண்டுமென்றால் ஐட்டமைஸ் பண்ண வேண்டும், அதாவது கழிவுகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட வேண்டும். பட்டியல் போடாதவர்களுக்குப் பொதுவாக ஒரு நிலையான தொகையைக் கழித்துத் தருகிறார்கள். கணவன் மனைவி சேர்ந்து தாக்கல் செய்தால் 2025க்கு அந்த ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் 31,500. தனியாள் என்றால் 15,750. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. சொத்து வரி 9,000, வீட்டுக் கடன் வட்டி 11,000, மற்ற நன்கொடை 2,000, கார் 1,400 என்று வைத்துக்கொண்டாலும் 23,400தான் வருகிறது. 31,500ஐ சும்மாவே தருகிறார்கள், 23,400ஐ யார் எடுப்பார்கள்? ஆக, கேம்ரியால் உங்களுக்கு மிச்சமாகும் வரி பூஜ்யம். விளம்பரத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

எடிசன், நியூ ஜெர்சியிலிருந்து: எங்களுக்குச் சொத்து வரியே 13,000. போன வருஷம் ஸ்டாண்டர்டுதான் எடுத்தோம். இந்த வருஷமும் அப்படித்தானா?

மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள். மாநில, உள்ளூர் வரிகளைக் கழிப்பதற்கு 10,000 என்று இருந்த உச்சவரம்பு 2025ல் 40,000 ஆகியிருக்கிறது (வருமானம் 5,00,000ஐத் தாண்டினால் வரம்பு சுருங்கும்). சொத்து வரி 13,000, நியூ ஜெர்சி வருமான வரி 11,000, வீட்டுக் கடன் வட்டி 12,000 என்றால் மொத்தம் 36,000. போன வருஷம் இதே வீட்டுக்கு 22,000தான் செல்லுபடி ஆகியிருக்கும். இந்த வருஷம் 31,500ஐத் தாண்டிவிட்டீர்கள், அதனால் காருக்காகக் கிடைக்கும் ஒவ்வொரு டாலரும் வேலை செய்யும். வண்டி 2,500க்கு விற்று, நீங்கள் 24 சதவீத அடுக்கில் இருந்தால் 600 டாலர் மிச்சம்.

கொடுப்பதென்றால் இந்த மாதமே கொடுங்கள். 2026 முதல் ஐட்டமைஸ் செய்பவர்களுக்கும் வருமானத்தில் முதல் அரை சதவீத நன்கொடை கணக்கில் சேராது. 2,80,000 வருமானம் என்றால் முதல் 1,400 போய்விடும். வேறு நன்கொடை இல்லாவிட்டால் அதே காருக்கு அடுத்த வருஷம் கழிவு 1,100, மிச்சம் 264.

மாநில வரியில் எதுவும் எதிர்பார்க்காதீர்கள்; நியூ ஜெர்சியில் இந்த வகை நன்கொடைக்குக் கழிவு இல்லை. கலிஃபோர்னியாக்காரர்களுக்குத்தான் யோகம்: அங்கே மாநில ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் தம்பதிக்கு 11,412 மட்டுமே. மத்திய ரிட்டர்னில் ஸ்டாண்டர்டு எடுத்தவர்களும் மாநில ரிட்டர்னில் ஐட்டமைஸ் பண்ணலாம்.

சார்லட்டிலிருந்து: அப்படியென்றால் காரை நாமே விற்று, பணமாகக் கொடுத்துவிட்டால் என்ன?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்டிருக்க வேண்டும். ஓடுகிற வண்டி என்றால் என் பதில் எப்போதும் இதுதான்: விற்றுப் பணமாகக் கொடுங்கள். நீங்கள் 3,800க்கு விற்றால் 3,800ம் தொண்டு நிறுவனத்துக்குப் போகும். வண்டியாகக் கொடுத்தால் ஏல விலை, அதில் இழுவைக் கூலி, நடுவில் இருக்கும் ஏஜென்சியின் பங்கு எல்லாம் கழிந்து மிச்சம்தான் போகும். பல தொண்டு நிறுவனங்கள் கார் வேலையை வெளி ஏஜென்சியிடம் விட்டிருக்கின்றன. எத்தனை சதவீதம் உங்களுக்கு வருகிறது என்று ஃபோனில் கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2026 முதல் ஐட்டமைஸ் பண்ணாதவர்களும் தனியாள் 1,000, தம்பதி 2,000 வரை நன்கொடையைக் கழிக்கலாம். ஆனால் பணமாகக் கொடுத்தால் மட்டுமே; கார் செல்லாது. அதனால் டல்லாஸ்காரர்கள் காரை இப்போது விற்றுவிட்டு, செக்கை ஜனவரியில் கொடுப்பது புத்திசாலித்தனம். 250ஓ அதற்கு மேலோ கொடுத்தால் எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

புது வண்டி வாங்கப் போகிறவர்கள் டீலரிடம் பழையதைத் தள்ளினால் எவ்வளவு என்றும் பாருங்கள். டெக்சாஸில் பழைய வண்டியின் மதிப்பைக் கழித்த பிறகுதான் 6.25 சதவீத விற்பனை வரி. கலிஃபோர்னியாவில் அந்தச் சலுகை இல்லை.

முன்பின் தெரியாதவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து ஓட்டிப் பார்ப்பதும் பேரம் பேசுவதும் வேண்டவே வேண்டாம் என்பவர்கள் தாராளமாக வண்டியாகவே கொடுக்கலாம். நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

கொலம்பஸிலிருந்து: எங்கள் ஒடிசியில் டிரான்ஸ்மிஷன் போய்விட்டது. காயலான் கடைக்காரர் முந்நூறோ நானூறோதான் தருவேன் என்கிறார்.

இந்த மாதிரி வண்டிக்குத்தான் தானம் பொருத்தம். தொண்டு நிறுவனம் 500க்கோ அதற்குக் குறைவாகவோ விற்றால், 500 அல்லது வண்டியின் உண்மையான சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதைக் கழிக்கலாம். அவர்கள் 350க்கு விற்றிருந்தாலும், இருக்கிற நிலையிலேயே வண்டி 900 பெறும் என்று உங்களால் காட்ட முடிந்தால் 500 போடலாம். மதிப்பே 350தான் என்றால் 350. ஐட்டமைஸ் நிபந்தனை இதற்கும் உண்டு, மறந்துவிடாதீர்கள்.

அட்லாண்டாவிலிருந்து: ஏழைக் குடும்பத்துக்கே காரைக் கொடுக்கும் நிறுவனம் என்றால் முழு மதிப்பும் கழிக்கலாம் என்கிறார்களே?

உண்மைதான். விற்ற விலை என்ற விதிக்கு மூன்று விலக்கு உண்டு. வசதியற்ற ஒருவருக்கு இலவசமாகவோ சந்தை விலையைவிட நன்றாகக் குறைத்தோ கொடுப்பது ஒன்று. தொண்டு வேலைக்கே வண்டியைக் கணிசமாக ஓட்டுவது இன்னொன்று. ஒரு வருஷம் தினமும் முதியவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது போல. பெரிய பழுதுபார்த்து மதிப்பை உயர்த்துவது மூன்றாவது. கழுவி, பெயின்ட் அடித்தால் போதாது. இந்த மூன்றில் ஒன்று பொருந்தினால் சந்தை மதிப்பைக் கழிக்கலாம்.

ஆனால் அதை நீங்களாகச் சொல்லிக்கொள்ள முடியாது. நிறுவனம் தரும் 1098-சி படிவத்தில் 5ஏ அல்லது 5பி கட்டத்தில் அவர்கள் டிக் அடித்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் 4சி கட்டத்தில் இருக்கும் விற்பனைத் தொகைதான் உங்கள் எண். விலக்கின் கீழ் 5,000க்கு மேல் கழிப்பதானால் தகுதியுள்ள மதிப்பீட்டாளரின் அறிக்கையும் வேண்டும்.

ஹியூஸ்டனிலிருந்து: நம்ம ஊர்க் கோயிலுக்குக் கொடுக்கலாமா? குருக்களுக்கு ஒரு வண்டி தேவைப்படுகிறது.

கோயிலுக்குக் கொடுக்கலாம், குருக்களுக்குக் கொடுத்தால் கழிவு இல்லை. தனி மனிதருக்குக் கொடுப்பது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், வரிச் சட்டத்தில் வெறும் அன்பளிப்பு. "கோயிலுக்குக் கொடுக்கிறேன், ஆனால் குருக்களுக்குத்தான் போக வேண்டும்" என்று சுற்றிக் கொடுத்தாலும் அதே கதைதான். கோயிலுக்கே என்றால் 501(சி)(3), அதாவது வரி விலக்குள்ள தொண்டு நிறுவனம் என்ற தகுதி உண்டா என்று அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் தளத்தில் தேடிப் பாருங்கள். பெயர் இல்லாவிட்டாலும் வழிபாட்டுத் தலங்களுக்குத் தகுதி இருக்கலாம், நிர்வாகத்திடம் கேளுங்கள். 1098-சி என்றால் என்னவென்று பொருளாளருக்குத் தெரியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். தெரியாத இடத்தில் வண்டியைக் கொடுத்துவிட்டுப் பிறகு படிவத்துக்கு அலைவது கஷ்டம்.

பாஸ்டனிலிருந்து: அக்கா, நான் யாழ்ப்பாணத்தில இருந்து வந்து இங்க பிஎச்டி படிக்கிறன், எஃப்-1 விசா. படிப்பு முடியுது, என்ட கொரோலாவைக் குடுக்கலாமெண்டு இருக்கிறன். கூடப் படிக்கிற சென்னைப் பெடியன் ஒரு பிரயோசனமும் இல்லையெண்டு சொல்றான்.

அவருக்கு இல்லை, உங்களுக்கு இருக்கலாம். எஃப்-1 மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரை, வரிக் கணக்கில் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கான 1040-என்ஆர் படிவம் தாக்கல் செய்பவர்கள். அவர்களுக்கு ஸ்டாண்டர்டு டிடக்‌ஷனே கிடையாது. விலக்கு இந்திய மாணவர்களுக்கு மட்டும். இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21(2) பிரிவு அதைத் தருகிறது. அதனால் உங்கள் சென்னை நண்பர் 15,750ஐத் தாண்டினால்தான் காரால் பயன் பெறுவார். இலங்கை ஒப்பந்தத்தில் அந்தச் சலுகை இல்லாததால் நீங்கள் எப்படியும் ஐட்டமைஸ்தான், உங்கள் கொரோலா முதல் டாலரிலிருந்தே கணக்கில் சேரும். கொடுப்பது அமெரிக்கத் தொண்டு நிறுவனமாக இருக்க வேண்டும். ஆறாவது ஆண்டுக்கு வந்துவிட்டீர்கள் என்றால் கதையே வேறு, விசா தேதிகளை எழுதுங்கள்.

சியாட்டிலிலிருந்து: கோயம்புத்தூரில் சும்மா நிற்கும் எங்கள் காரை அங்கே ஓர் ஆசிரமத்துக்குக் கொடுத்தால்?

இங்கே கழிக்க முடியாது, வெளிநாட்டு நிறுவனம். அங்கேயும் 80ஜி எனப்படும் நன்கொடைக் கழிவு பணமாகக் கொடுப்பதற்குத்தான், பொருளுக்கு இல்லை. ஆசிரமத்துக்குப் பயன்படும் என்றால் வரியை நினைக்காமல் கொடுங்கள்.

ஃப்ரீமான்டிலிருந்து: டோ ட்ரக் ஓட்டுநர் வண்டியின் உரிமைப் பத்திரமான டைட்டிலில் கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதை நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்றார். சரியா?

சரியில்லை. வாங்குபவர் இடத்தில் தொண்டு நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வெற்று டைட்டில் கைமாறிக்கொண்டே போகும், வண்டி மட்டும் உங்கள் பெயரிலேயே இருக்கும். பார்க்கிங் அபராதமும் டோல் பில்லும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். கலிஃபோர்னியாவில் வண்டி கைமாறிய ஐந்து நாளுக்குள் மோட்டார் வாகனத் துறையான டிஎம்வியிடம் பொறுப்பு விடுவிப்பு அறிவிப்பைப் பதிவு செய்யுங்கள். அதற்குப் பிறகு இன்ஷூரன்ஸை நிறுத்துங்கள், முன்னால் அல்ல. டோல் கட்டணத்துக்கான ஃபாஸ்ட்ராக் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். நம்பர் பிளேட் கலிஃபோர்னியாவில் வண்டியோடு போகும். நியூ ஜெர்சியில் கழற்றி ஒப்படைக்க வேண்டும்.

டைட்டிலில் இரண்டு பெயர் இருந்து நடுவில் "அண்ட்" என்றோ சாய்கோடோ இருந்தால் இருவர் கையெழுத்தும் தேவை, "ஆர்" என்றால் ஒருவர் போதும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் விடுவிப்புக் கடிதம் வேண்டும். லீஸ் வண்டி உங்களுடையதே இல்லை.

ராலேயிலிருந்து: 29ஆம் தேதி ஃபோன் செய்தால் ஜனவரி 3தான் வந்து எடுப்போம் என்கிறார்கள். எந்த வருஷக் கணக்கு?

வண்டியும் கையெழுத்திட்ட டைட்டிலும் அவர்கள் கைக்கு எப்போது போகிறதோ அந்த வருஷம். ஃபோன் செய்த தேதி கணக்கில்லை. 2025 வேண்டுமென்றால் அவர்கள் இடத்துக்கே ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, தேதியிட்ட ரசீது வாங்கி வாருங்கள். அவர்கள் அதை பிப்ரவரியில் விற்றாலும் கழிவு 2025க்குத்தான்.

மறுபடி எடிசனிலிருந்து: ஏப்ரல் வந்தும் 1098-சி வராவிட்டால்?

விற்ற 30 நாளுக்குள் அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை, முதலில் நச்சரியுங்கள். 500க்கு மேல் கழிப்பதானால் அந்தப் படிவத்தை ரிட்டர்னோடு இணைக்க வேண்டும், கூடவே பொருளாகக் கொடுத்த நன்கொடைக்கான 8283 படிவமும். படிவம் கையில் இல்லாமல் தொகையைப் போட்டால் ஐஆர்எஸ் தள்ளுபடி செய்துவிடும். அதனால் 4868 படிவம் போட்டு அக்டோபர் வரை அவகாசம் வாங்குங்கள். கட்ட வேண்டிய வரி இருந்தால் அதை மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிடுங்கள். அல்லது காரை விட்டுவிட்டுத் தாக்கல் செய்து, படிவம் வந்ததும் 1040-எக்ஸ் போட்டுத் திருத்துங்கள். 600 டாலர் விஷயம் என்றால் நான் அவகாசத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஒரே ரிட்டர்னோடு வேலை முடியும்.