கீறலுக்கு இன்சூரன்ஸ் கேட்கலாமா?

கேள்வி: கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வசிக்கிறேன். என்னுடைய 1,200 சிசி கார் வாங்கி மூன்றரை ஆண்டுகள் ஆகின்றன. கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்தபோது, எதிர்வீட்டுப் பத்து வயதுச் சிறுவன் ஓட்டிய சைக்கிளின் கைப்பிடி உரசி, இடது பின்கதவிலிருந்து பின் பம்பர் வரை நீளமாகக் கீறிவிட்டது. கேமராவில் பதிவாகியிருக்கிறது. சிறுவனின் தந்தை, "அதற்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கிறதே சார்" என்று பேச்சை முடித்துக்கொண்டார். சங்கச் செயலாளர் தங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறார். சர்வீஸ் சென்டரில் இந்தக் கீறலைச் சரிசெய்ய 11,000 ரூபாய் ஆகும் என்றார்கள். ஆறு மாதத்துக்கு முன் தூணில் இடித்து முன் பம்பரும் நசுங்கியிருக்கிறது. "சாலையில் டூவீலர் உரசியது என்று எழுதி இரண்டையும் ஒரே கிளெய்மில் முடித்துவிடலாம், பைல் சார்ஜ் 1,000 ரூபாய் மட்டும் கட்டுங்கள்" என்கிறார்கள். இன்சூரன்ஸ் முகவரோ கிளெய்மே வேண்டாம் என்கிறார். பாலிசியில் ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் அம்சம்) உண்டு, என்.சி.பி. (கிளெய்ம் கேட்காததற்கான போனஸ் கழிவு) 35 சதவீதம். நான் என்ன செய்ய வேண்டும்? – வாசகர், கோவை.

பதில்: உங்கள் முகவர் சொல்வது சரி. ஏன் என்று அவர் விளக்கியிருக்கலாம்.

முதலில், கீறலுக்கு இன்சூரன்ஸ் உண்டா என்ற கேள்விக்குப் பதில்: உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும்தான். அதை மட்டும் எடுத்தவருக்குத் தன் காரின் கீறலுக்கு ஒரு பைசாவும் கிடைக்காது. நீங்கள் சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுத்திருக்கிறீர்கள். வெளியிலிருந்து தற்செயலாக நேரும் சேதம் எதுவானாலும் அதில் அடங்கும். வண்டி ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா என்பது பொருட்டல்ல. யாராவது வன்மத்தோடு சாவியால் கோடு போட்டிருந்தால் அதற்கும் கேட்கலாம். நாள்பட்ட தேய்மானத்துக்குத்தான் இடமில்லை. வெயிலில் வெளிறிய பெயின்ட், துடைத்துத் துடைத்து விழுந்த மெல்லிய கோடுகள், கவனிக்காமல் விட்ட துரு ஆகியவற்றை, சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் ஒதுக்கிவிடுவார்.

இங்கிலாந்து போன்ற நாடுகளில் இத்தகைய சிறு கீறல், சிறு நசுங்கலுக்கென்றே தனிக் காப்பீடு விற்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ஒரே பாலிசியைத்தான் கையில் எடுக்கிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கைப் பாருங்கள். 1,500 சிசி வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1,000 ரூபாய் உங்களுடையது. அதற்கு மேற்பட்ட காருக்கு 2,000. 'பைல் சார்ஜ்' என்று சர்வீஸ் சென்டரில் சொல்வது இதைத்தான். ஜீரோ டெப் இருந்தாலும் இது போகாது. ஆக, 11,000 ரூபாய் வேலைக்கு நிறுவனம் தருவது 10,000. ஜீரோ டெப் இல்லாதவருக்கு இன்னும் குறையும். பெயின்டிங் செலவை மொத்தமாகப் போட்ட பில்லில் நான்கில் ஒரு பங்கைப் பொருளின் விலையாகக் கொண்டு, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். இந்த 11,000 முழுவதும் பெயின்டிங் என்றால் அவர் கைக்கு வருவது 8,625 ரூபாய்.

இனி இழப்பு. என்.சி.பி. என்கிற நோ கிளெய்ம் போனஸ், கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். சொந்தச் சேதப் பிரீமியத்தில் கழியும். இந்த ஆண்டையும் கிளெய்ம் இல்லாமல் கடந்தால் அடுத்த புதுப்பித்தலில் உங்களுக்கு 45 சதவீதம். கேட்டுவிட்டால் பூஜ்யம். கழிவுக்கு முந்தைய பிரீமியம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பாலிசியைப் பார்த்து உண்மையான எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் புதுப்பித்தலில் 3,600 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். அடுத்த ஆண்டு 50 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 20 மட்டும் இருப்பதால் 2,400. பிறகு 2,000, 1,200, 400. மொத்தம் 9,600, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 11,328. காரின் மதிப்பு ஆண்டுதோறும் இறங்குவதால் உண்மையில் இது கொஞ்சம் குறையலாம். ஆனாலும் 10,000 ரூபாயை வாங்கிக்கொண்டு ஏறத்தாழ அதே தொகையைத் தவணை முறையில் திருப்பிக் கட்டுகிறீர்கள். இதற்கிடையே வேறொரு கிளெய்ம் வந்தால் மட்டுமே கணக்கு மாறும்.

இந்தக் கணக்கு பொருந்தாத சூழலும் உண்டு. பாலிசியில் என்.சி.பி. பாதுகாப்பு என்ற கூடுதல் அம்சம் எடுத்திருந்தால் கேட்டுவிடலாம். இதே பாலிசி ஆண்டில் ஏற்கெனவே ஒரு கிளெய்ம் வாங்கியிருந்தாலும் அப்படியே. போனஸ் அப்போதே போய்விட்டது, இரண்டாம் முறை போக எதுவுமில்லை. ஆனால் ஜீரோ டெப்பை ஓர் ஆண்டில் இத்தனை முறைதான் பயன்படுத்தலாம் என்று பல பாலிசிகளில் வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துப் பாருங்கள். கிளெய்ம் வாங்கிவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறி, 'போனஸ் உண்டு' என்று எழுதிக்கொடுக்கும் யோசனையை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பழைய நிறுவனத்திடம் விசாரித்து அறிந்துவிடுவார்கள். பொய்யென்று தெரிந்தால் சொந்தச் சேதக் காப்பீடே கைவிட்டுப் போகும்.

இப்போது அந்த 'டூவீலர் உரசியது' கதைக்கு வருகிறேன். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். வேலை அவர்களுக்கு, கையெழுத்து உங்களுக்கு. தூணில் இடித்தது ஒரு நிகழ்வு, சைக்கிள் கீறியது இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கிளெய்ம், தனித்தனி 1,000 ரூபாய் என்பதே விதி. முன்னால் நசுங்கலும் பின்னால் கோடும் ஒரே உரசலில் எப்படி வந்தன என்று சர்வேயர் கேட்டால், பதில் சொல்லப்போவது பில் போட்டவர் அல்ல. கிளெய்ம் படிவத்தின் கடைசியில், எழுதியவை அனைத்தும் உண்மை என்றும் பொய்யானால் உரிமை இழப்பேன் என்றும் நீங்கள் உறுதிமொழி தருகிறீர்கள். காப்பீட்டு ஒப்பந்தம் முழு நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டது. பொய்யான பகுதியை மட்டும் கழித்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்று நீங்கள் வாதாட முடியாது. பொய் சொல்லிப் பணம் பெறுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின்படி ஏமாற்றுதல் குற்றம்.

பலரும் யோசிக்காத இன்னொன்று இருக்கிறது. இன்ன நாளில், இன்ன சாலையில், அடையாளம் தெரியாத டூவீலரோடு உங்கள் கார் மோதியது என்று நீங்களே எழுதிக் கையெழுத்திடுகிறீர்கள். விபத்தில் ஒருவர் காயப்பட்டாலோ பிறர் உடைமை சேதமடைந்தாலோ ஓட்டுநர் உதவ வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் சொல்ல வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆம் பிரிவு. அதே நாளில் அதே சாலையில் உண்மையாகவே ஒருவரை ஏதோ ஒரு கார் தட்டிவிட்டுப் போயிருந்தால்? நடக்காத விபத்துக்கு நீங்களே ஆதாரம் தயாரித்துக் கொடுத்தவர் ஆவீர்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திருப்பி வாங்குங்கள். நிறுவனத்துக்குத் தகவல் போயிருந்தால், பணம் வருவதற்கு முன் கிளெய்மைத் திரும்பப் பெறுவதாக மின்னஞ்சல் அனுப்பி, அது தொகையின்றி முடிக்கப்பட்டது என்றும் என்.சி.பி. தொடர்கிறது என்றும் எழுத்தில் பதில் கேளுங்கள்.

அடுத்து எதிர்வீட்டுக்காரர். உங்கள் இன்சூரன்ஸ் உங்களுக்கானது. அவர் பொறுப்பை அது அழிக்காது. ஆனால் அவர் பொறுப்பு எவ்வளவு என்பதில் அவசரப்படாதீர்கள். சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல. ஆகவே விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. (உரசியது டூவீலராக இருந்திருந்தால், அதன் மூன்றாம் நபர் பாலிசியிடம் ஆறு மாதத்துக்குள் அங்கே இழப்பீடு கேட்டிருக்கலாம்.) போலீஸ் புகாரும் பயன்படாது. வேண்டுமென்றே செய்யாத சேதம் குற்றமாகாது. அதிலும் பத்து வயதுச் சிறுவன். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கலாம், அதைத் தாண்டி நகராது. பெற்றோர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை செய்த சேதத்துக்குத் தந்தை பணம் கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. அவருடைய கவனக்குறைவை நீங்கள் காட்ட வேண்டும். கார்கள் நெருக்கி நிற்கும் இடத்தில் சைக்கிள் ஓட்டக் கூடாது என்று சங்க விதி இருந்து, எச்சரித்த பிறகும் அவர் பிள்ளையை விட்டிருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும்.

11,000 ரூபாய்க்குச் சிவில் வழக்குப் போடச் சொல்லும் வக்கீல் உங்களுக்கு வேண்டாம். வழக்குக்கு முந்தைய மனுவாக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக் குழுவிடம் கொடுங்கள்; கோவையில் ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. கட்டணம் இல்லை. அக்குழு நடத்தும் சமரச மன்றமான லோக் அதாலத்தில் இருவரும் ஒத்துக்கொண்டு எழுதினால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அவர் வர மறுத்தால் கட்டாயப்படுத்த முடியாதுதான். ஆனால் அங்கிருந்து வரும் அழைப்புக் கடிதத்தைப் பார்த்ததும் பேச்சுக்கு வரும் எதிர்வீட்டுக்காரர்கள் ஏராளம். பாதிப் பணம் தந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். தினமும் லிஃப்ட்டில் முகம் பார்க்க வேண்டிய மனிதர். ஒன்று மட்டும்: அவரிடம் வாங்கியதை நிறுவனத்திடமும் கேட்கக் கூடாது. நாளை மனம் மாறிக் கிளெய்ம் போடுவதாக இருந்தால், 'இனிக் கோரிக்கை இல்லை' என்று அவருக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். உங்களுக்குக் கொடுத்த பணத்தை அவரிடம் வசூலிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு; அதை நீங்கள் கெடுத்ததாக ஆகும்.

சங்கச் செயலாளர் சொல்வது சரியே. 2019இல் ஒரு நட்சத்திர ஓட்டல் வழக்கில், வாலே பார்க்கிங்கில் கொடுத்த கார் திருட்டுப் போனதற்கு ஓட்டல் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே சாவியை வாங்கி வண்டியைத் தன் வசத்தில் எடுத்துக்கொண்டது ஓட்டல். உங்கள் சாவி உங்களிடமே இருந்தது. செயலாளரிடம் நீங்கள் கேட்க வேண்டியது கேமரா பதிவை. பழைய பதிவுகள்மேல் புதியவை ஏறி அழிந்துவிடும். ஆகவே இன்றே தேதி, நேரம் குறிப்பிட்டு, அதைத் தனியாக எடுத்துவைக்கக் கோரும் கடிதத்தைக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பிரதி எடுக்கும்போது, அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவையான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுச் சான்றையும் சேர்த்துக் கேளுங்கள்.

காரைப் பொறுத்தவரை, டிங்கரிங், பெயின்டிங் மட்டும் செய்யும் வெளிப் பட்டறையிலும் ஒரு மதிப்பீடு வாங்குங்கள். உங்கள் காரின் வண்ணக் குறியீட்டைச் சொல்லி, அதே வண்ணத்தைக் கலந்து தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மதிப்பீட்டின் நகலையும் எதிர்வீட்டுக்காரருக்கு எழுதும் கடிதத்தோடு இணையுங்கள். குறைந்த தொகையைக் கேட்பவருக்கு மறுப்பது கடினம்.