"கணக்கு படிச்சா டீச்சர் வேலைதானே சார்?" என்றதும் கூட்டம் அடங்கிப்போகிறது

கணக்கு படித்தால் என்னென்ன வேலை இருக்கிறது என்று பள்ளியில் பேசப் போகிறீர்களா? ஸ்லைடை வைத்துவிட்டுத் தீப்பெட்டியோடு போங்கள். தண்டையார்பேட்டை பிளஸ் ஒன் வகுப்பில் அந்த ஒரு கேள்வியோடு எல்லாம் முடிந்தது என்றால், நீங்கள் வேலைகளின் பெயரைச் சொல்லியிருப்பீர்கள், வேலையைக் காட்டியிருக்க மாட்டீர்கள்.

கன்டெய்னர் என்று வைத்துக்கொண்டு நாலு தீப்பெட்டியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குங்கள். அடியில் இருப்பதுதான் முதலில் லாரி ஏற வேண்டும். மேலே உள்ள மூன்றையும் நகர்த்தாமல் முடியாது. எதை எங்கே அடுக்கினால் கிரேனுக்கு வேலை குறையும்? கன்டெய்னர்களை அடுக்கிவைக்கும் யார்டில் தினமும் இதே தலைவலிதான். இந்தக் கணக்குக்குப் பெயர் ஆபரேஷன்ஸ் ரிசர்ச். எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள், சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

முடிவில் ஒரு துண்டுச்சீட்டில் 'வீட்டில் போய் என்ன சொல்வாய்?' என்று எழுத வையுங்கள். 'கணக்கு முக்கியம்' என்றே வந்தால் இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம்.

ராமானுஜனை விட்டுவிடுங்கள். 1912ல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் குமாஸ்தா என்றால் பெற்றோர் மிரண்டுவிடுவார்கள்!

சம்பளத் தொகை மட்டும் வாயில் வரவே கூடாது. ஆக்சுவரி, அதாவது காப்பீட்டு நிறுவனங்களுக்கு இழப்பு அபாயத்தைக் கணக்கிடுபவர் ஆக, நுழைவுத்தேர்வு தாண்டிய பிறகும் வருடக்கணக்கில் தேர்வுகள் இருக்கின்றன. அதையும் சொல்லிவிடுங்கள்.